கடப்பாரையில் தொடங்கும் பட்டியல்

ஒன்டாரியோவில் டிசம்பர் பிறந்ததும் தூண்டில் கடைகளின் முகப்பு மாறிவிடும். கோடைக்கால நீளத் தண்டுகள் உள்ளே போய், கைக்கு அடக்கமான குட்டைத் தண்டுகள் வாசலுக்கு வரும். சுவர் முழுக்க மினுங்கும் உலோக இரைகள். எதிரே மின்கலத்தில் ஓடும் துளைப்பான்கள். நடுவில் விரித்து நிறுத்திய கூடாரம். கல்லாவுக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வண்ணம் காட்டிச் சுழலும் மின்னணுக் கருவிகள். உறைந்த ஏரியில் முதல்முறை லேக் டிரவுட் மீன் பிடிக்கப் போகிறவர் இந்த வரிசையிலேயே வாங்கிக்கொண்டு போனால், ஆயிரம் டாலருக்கு மேல் செலவழித்த பிறகும் மிக அவசியமான இரண்டு பொருட்கள் அவரிடம் இல்லாமல் போகலாம். ஒன்று இரும்புக் கடப்பாரை. மற்றொன்று கழுத்தில் மாட்டிக்கொள்ளும் ஒரு ஜோடி குத்தூசி. இரண்டும் விலை மலிவு. கடைகளில் இவற்றுக்கு விளம்பரம் கிடையாது.

கடை மீனிலிருந்து தொடங்கி மனிதனிடம் வருகிறது. ஏரி இதை நேர்மாறாகக் கேட்கிறது. முதலில் கால் வைக்கும் தளம், அடுத்து உடம்பின் சூடு, அப்புறம் ஆழம், கடைசியாகத்தான் மீன். இந்த வரிசையில் யோசிப்பவருக்கு வாங்க வேண்டியவை வெகுவாகக் குறைந்துவிடும். எதை வாடகைக்கு எடுக்கலாம், எதை இரவல் கேட்கலாம், எதில் ஒரு காசும் மிச்சம் பிடிக்கக் கூடாது என்பதும் தெளிவாகும்.

எந்த ஏரி என்று சொல்லாமல் கருவிகளைப் பற்றிப் பேசிப் பயனில்லை. சிம்கோ ஏரியை எடுத்துக்கொள்வோம். டொராண்டோவுக்கு வடக்கே காரில் ஒரு மணி நேரம். மார்க்கம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் அன்றாடம் ஏறி இறங்கும் 404 நெடுஞ்சாலை வடக்கே போய் முடிவது இந்த ஏரியின் தென்கரைக்கு அருகில்தான். பரப்பு சுமார் 720 சதுர கிலோமீட்டர். தெற்கே உள்ள குக்ஸ் விரிகுடா ஆழம் குறைந்தது. அது முந்தி உறையும். மேற்கே பாரி நகரத்தை ஒட்டிய கெம்பன்ஃபெல்ட் விரிகுடா 41 மீட்டர் வரை இறங்குகிறது. அது மிகத் தாமதமாகத்தான் உறையும். லேக் டிரவுட் ஆழத்து மீன். ஆகவே புதியவர் தேடிப் போகும் இடமும், கடைசியில் பனி பிடிக்கும் இடமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. ஜனவரித் தொடக்கத்தில் குக்ஸ் விரிகுடாவில் ஆட்கள் உட்கார்ந்து பெர்ச் மீன் பிடிக்கும் படத்தைப் பார்த்துவிட்டு, ஏரி உறைந்துவிட்டது என்று முடிவு கட்டி ஆழத்துப் பக்கம் நடப்பது உயிரோடு விளையாடுவது.

பனிக்கட்டி எவ்வளவு தடிமன் இருக்க வேண்டும் என்பதில் அமைப்புக்கு அமைப்பு எண் மாறும். ஒருவர் நடந்து போக 4 அங்குலம் வேண்டும் என்கிறது மினசோட்டா மாநில இயற்கைவளத் துறை. கனடியச் செஞ்சிலுவைச் சங்கம் 15 சென்டிமீட்டர், அதாவது கிட்டத்தட்ட 6 அங்குலம் கேட்கிறது. புதியவர் பெரிய எண்ணைப் பிடித்துக்கொள்வதே நல்லது. இரண்டு கணக்குமே தெளிந்த, நீலம் பாய்ந்த பனிக்கட்டிக்கு உரியவை. விழுந்த பனி நனைந்து மறுபடி உறைந்து வெள்ளையாக இறுகிய தளத்துக்கு வலு பாதிதான். அங்கே தடிமன் இரு மடங்கு வேண்டும். தளம் ஏரி முழுக்க ஒரே சீராகவும் இருப்பதில்லை. ஆறு வந்து கலக்கும் இடம், படகுத்துறையை உறையவிடாமல் வைக்கக் காற்றுக் குமிழி விடும் எந்திரம் ஓடும் இடம், அழுத்தத்தால் தளம் பிளந்து மேடு தட்டிய வெடிப்புக்கோடு ஆகிய இடங்களில் சில எட்டுகளுக்குள் தடிமன் சடாரென்று குறையலாம். சிம்கோ அகன்ற ஏரி. காற்று பலமாகத் திசை மாறி அடிக்கும் நாளில் தளம் பெயர்ந்து, உள்ளே நிற்பவர்களுக்கும் கரைக்கும் நடுவே நீர் திறந்துவிடுவதுண்டு. அப்படிச் சிக்கியவர்களை மீட்புப் படையினர் போய் அழைத்துவர நேர்ந்திருக்கிறது.

கடப்பாரைக்கு வேலை இங்கேதான். ஒன்றரை மீட்டர் நீளம், நுனியில் தட்டையான உளிவாய், தலைப்பில் மணிக்கட்டில் கோத்துக்கொள்ள ஒரு கயிறு. பருவத்தின் தொடக்கத்தில் நடப்பவர் இரண்டு எட்டுக்கு ஒருமுறை, காலுக்கு முன்னால் தள்ளி, ஓங்கி ஒரு குத்துக் குத்திப் பார்த்துத்தான் அடுத்த எட்டு வைக்க வேண்டும். கெட்டித் தளம் 'டங்' என்று கையை உதறும். நுனி பட்ட இடத்தில் வெள்ளைத் தூள் மட்டும் தெறிக்கும். தளம் மெலிய மெலிய ஒலி மந்தமாகும், கைக்கு வரும் அதிர்வும் குறையும். நுனி புதைந்து நீர் கசிந்தால் அந்த இடத்திலேயே நின்று, வந்த தடத்திலேயே திரும்ப வேண்டும். சுற்றிக்கொண்டு போகலாமா என்ற யோசனையே கூடாது. அரை நாள் இப்படி நடந்தால் போதும், கை தானாகவே வித்தியாசம் கண்டுகொள்ளும்.

குத்தூசி என்பது இரண்டு கைப்பிடிகளில் பதித்த கூரான ஆணிகள். நடுவே ஒரு கயிறு. உடைந்து உள்ளே விழுந்தவர் ஈரக் கையால் பனித்தளத்தைப் பற்றி ஏற முடியாது, வழுக்கிவிடும். ஆணியைக் குத்தி இழுத்தால் பிடி கிடைக்கும். குளிர்நீரில் மனித உடல் படும் பாட்டைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் மனிடோபா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட். தன் உடம்பையே உறைநீரில் இறக்கிச் சோதித்துப் பார்த்தவர். அவர் பரப்பிய கணக்கு 1-10-1. முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்கடங்காமல் இரைக்கும். அப்போது பதறாமல் தலையை நீருக்கு மேலே வைத்திருப்பது ஒன்றே வேலை. அடுத்த 10 நிமிடம் கைகால் சொன்னபடி கேட்கும். அதற்குப் பிறகு சுமார் 1 மணி நேரத்தில் நினைவு தப்பும். நீரில் விழுந்தால் உடனே சாவு என்று நினைத்துப் பலர் அந்த 10 நிமிடத்தைப் பதற்றத்திலேயே தொலைக்கிறார்கள். வந்த திசைக்குத் திரும்பி, ஆணியைக் குத்தி, காலால் உதைத்து, வயிற்றால் ஊர்ந்து ஏறி, எழுந்து நிற்காமல் உருண்டு விலக அந்த அவகாசம் போதுமானது. பைக்குள் இருக்கும் குத்தூசியை அந்த நேரத்தில் தேட முடியாது. கழுத்தில் தொங்க வேண்டும் என்பது அதனால்தான்.

விலை கூடிய பொருள் ஒன்றே ஒன்றுதான் கட்டுப்படியாகும் என்றால், அது மிதக்கும் மேலுடையாக இருக்கட்டும். உள்ளே மிதவைப் பொருள் வைத்துத் தைத்த கோட்டும் கால்சட்டையும் குளிரையும் தடுக்கும், விழுந்தால் ஆளையும் மிதக்க வைக்கும். மீனைக் காட்டும் கருவிக்குப் பல நூறு டாலர் கொடுக்கத் தயங்காதவர்கள் இதற்குத் தயங்குவதைப் பார்க்கையில் வருத்தமாக இருக்கிறது.

அடுத்து உடம்பின் சூடு. பிப்ரவரிச் சிம்கோவில் மைனஸ் 20 டிகிரி வரை இறங்கும் காலைகளும் உண்டு. தடுக்க மரம் மட்டை எதுவும் இல்லாத வெளியில் காற்று வேறு. புதியவர் பயப்படுவது இந்தக் குளிரைக் கண்டு. அதைவிடப் பெரிய எதிரி வியர்வை. சறுக்குவண்டியில் மூட்டை முடிச்சுகளை இழுத்துக்கொண்டு ஒரு கிலோமீட்டர் நடந்தால், தடித்த கோட்டுக்குள் முதுகு நனைந்துவிடும். பிறகு துளைக்கு முன்னால் அசையாமல் உட்காரும்போது அந்த ஈரம் உடம்பின் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பருத்தி ஈரத்தை விடாது. பனியனிலிருந்து காலுறை வரை பருத்தியே வேண்டாம். தோலை ஒட்டி மெல்லிய கம்பளி, அதன் மேல் காற்றைத் தேக்கும் ஃபிளீஸ், வெளியே காற்றைத் தடுக்கும் உடை. நடக்கும்போது வெளிக்கோட்டை வண்டியில் போட்டுவிட்டு, போய்ச் சேர்ந்ததும் அணிந்துகொள்ள வேண்டும். மெல்லிய தளத்தில் நடப்பவர் மிதக்கும் கோட்டை மட்டும் கழற்றக் கூடாது. பொத்தானைத் திறந்துவிட்டு, மெதுவாக நடப்பதே அதற்கு வழி.

பூட்ஸை ஓர் அளவு பெரிதாக வாங்குவது பழகியவர்களின் வழக்கம். இறுக்கமான பூட்ஸுக்குள் மூன்று காலுறை போட்டால் ரத்த ஓட்டம் குறைந்து விரல் விறைக்கும். நிற்கும் இடத்தில் ஒரு துண்டு ரப்பர் விரிப்பைப் போட்டுக்கொள்ளலாம். காலின் சூடு பெரும்பாலும் கீழே பனிக்கட்டிக்குத்தான் இறங்குகிறது. பூட்ஸின் அடியில் மாட்டும் ஆணிப்பட்டையும் மறக்கக் கூடாது. பனித்தளத்தில் மல்லாந்து விழுந்து மண்டை அடிபடுவது, உடைந்து மூழ்குவதைவிட அடிக்கடி நடக்கக்கூடிய விபத்து.

முதல் பயணத்துக்குக் கூடாரமும் துளைப்பானும் வாங்கவே வேண்டாம் என்பதுதான் நேர்மையான ஆலோசனை. ஜார்ஜினா, இன்னிஸ்ஃபில், பாரி கரைகளில் மீன்குடில்களை வாடகைக்கு விடும் தொழில் தலைமுறைகளாக நடக்கிறது. நாள்தோறும் பனிக்கட்டியை அளந்து பார்ப்பவர்கள் அவர்கள். துளையிட்ட தரை, சூட்டடுப்பு, பெஞ்சு எல்லாம் தயாராக இருக்கும். கரையிலிருந்து குடிலுக்குக் கொண்டுபோய் விடுவதும் அவர்கள் பொறுப்பு. சில ஏரிகளில் அதற்கு இன்னமும் வட்டச் சன்னல் வைத்த பழைய பொம்பார்டியே பனிவண்டிகள் ஓடுகின்றன. அந்த வண்டிக்குப் பின்னால் ஒரு துயரம் உண்டு. 1934 குளிர்காலத்தில் குவிபெக்கின் வால்கூர் ஊரில் ஜோசப் அர்மான் பொம்பார்டியேயின் 2 வயது மகன் வயிற்று நோயால் துடித்தான். சாலைகள் பனியில் மூடிக் கிடந்ததால் மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியாமல் குழந்தை இறந்துபோனது. பனிமேல் ஓடும் வண்டிக்காக அதற்கு முன்பே உழைத்துக்கொண்டிருந்த அந்த மெக்கானிக், 1937ல் ரப்பர் பட்டையைப் பற்சக்கரம் இழுக்கும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். பிறகு வந்த 12 பேர் அமரும் பி-12 வண்டி பிள்ளைகளைப் பள்ளிக்கும் நோயாளிகளை மருத்துவரிடமும் ஏற்றிச் சென்றது. பின்னாளில் தூண்டில்காரர்களையும் ஏற்றிக்கொண்டது.

குடில்காரரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "மீன் கிடைக்கிறதா?" என்பதல்ல. "இன்று உங்கள் குடில்கள் நிற்கும் இடத்தில் பனி எத்தனை அங்குலம்?" என்று கேட்க வேண்டும். அவர் தயங்கினால் பயணத்தைத் தள்ளிப்போடலாம். 2023-24 குளிர்காலத்தில் தெற்கு ஒன்டாரியோவில் பனி சரியாகப் பிடிக்கவே இல்லை. வெப்பம் கூடிக்கொண்டு போகும் காலத்தில் போன ஆண்டுத் தேதியை வைத்து இந்த ஆண்டை முடிவு செய்ய முடியாது. பிப்ரவரி மூன்றாம் திங்களன்று வரும் குடும்ப தின விடுமுறையை ஒட்டிய நாட்களில் கனடாவில் வசிப்பவர்கள் உரிமம் இல்லாமல் மீன்பிடிக்க ஒன்டாரியோ அனுமதிக்கிறது. பிடிக்கலாமா வேண்டாமா என்று தயங்கும் குடும்பம் முதல்முறை போய்ப் பார்க்க இதைவிட நல்ல தருணம் இல்லை.

குடிலில் சூட்டடுப்பு எரியும்போது ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். புரோப்பேன் அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும், நிறமில்லை, மணமில்லை. குளிர் வருகிறதென்று காற்றுத் துவாரத்தைத் துணியால் அடைப்பவர்கள் உண்டு. மின்கலத்தில் இயங்கும் சிறிய எச்சரிக்கைக் கருவி ஒன்றைக் கூடவே எடுத்துப் போவது நல்லது.

சொந்தமாகத் துளைப்பான் வாங்கும் நாள் பின்னால் வரும். அப்போது அளவைப் பற்றி யோசிக்க வேண்டும். 6 அங்குலம், 8 அங்குலம், 10 அங்குலம் என்று மூன்று அளவுகள் பரவலாகக் கிடைக்கும். 6க்கும் 8க்கும் வெறும் இரண்டு அங்குலம்தானே என்று தோன்றும். ஆனால் துளையின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. 8 அங்குலத் துளைக்கு வெட்டியெடுக்க வேண்டிய பனி, 6 அங்குலத் துளையைப்போல் ஏறக்குறைய 1.8 மடங்கு. 10 அங்குலத்துக்கு 2.8 மடங்கு. அரை மீட்டர் தடிமனில் கையால் சுற்றிப் பத்துத் துளை போடுபவரின் தோள் இந்த எண்களை நன்றாக அறியும். லேக் டிரவுட்டுக்கு 8 அங்குலம் பொருத்தம். ராட்சத மீன்கள் வாழும் வடக்கத்திய ஏரிகளுக்கு 10 தேவைப்படலாம். கைத்துளைப்பானின் அலகு சவரக்கத்தி போல இருக்க வேண்டும். அதைப் பனிமேல் தொப்பென்று போடுவதும், மணல் ஒட்டிய பனியில் சுற்றுவதும் அலகைக் கெடுக்கும். மின்கலம் குளிரில் வலுவிழக்கும். வேலை வரும்வரை அதைக் கோட்டுக்குள் வைத்துக்கொள்வது நல்லது.

ஆழத்துக்கு வருவோம். நீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிகக் கனமாக இருக்கும். அதனால் குளிர்காலத்தில் மேலே பனியை ஒட்டிய நீர் 0 டிகிரிக்கு அருகில் இருக்க, அடியில் அதைவிடச் சற்றே வெதுவெதுப்பு. கோடையில் குளிர்ந்த ஆழத்துக்குள் அடைபட்டுக் கிடக்கும் லேக் டிரவுட்டுக்குக் குளிர்காலத்தில் ஏரி முழுவதும் திறந்துவிடுகிறது. 30 மீட்டர் அடியிலும் சுற்றும், பனித்தளத்துக்குச் சற்றுக் கீழேயும் சிஸ்கோ மீன்களைத் துரத்தும். ஒரே இடத்தில் இரையைத் தொங்கவிட்டுக் காத்திருப்பதற்கு இந்த மீன் அவ்வளவாக மசியாது. மீன் எந்த ஆழத்தில் இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும்.

இதற்குத்தான் ஃபிளாஷர் என்ற வட்டமுகக் கருவி. துளைக்குள் தொங்கும் ஒலியனுப்பி கீழ்நோக்கி ஒலித்துடிப்பை அனுப்பும். திரும்பி வரும் எதிரொலி வட்டத்தில் வண்ணக் கோடாக விழும். அடித்தரை ஓர் அகலச் சிவப்புப் பட்டை. கீழே இறங்கும் இரை ஒரு மெல்லிய பச்சைக் கீற்று. தண்டை ஆட்டினால் கீற்றும் ஆடும். பல நிமிடம் எதுவும் நடக்காது. பிறகு தரைப் பட்டையிலிருந்து ஒரு துண்டு பிரிந்து மேலே வருவது தெரியும். பச்சையாகத் தொடங்கி ஆரஞ்சாகி, நெருங்க நெருங்கச் சிவப்பாகத் தடிக்கும். அது லேக் டிரவுட். அந்த நொடியில் புதியவர்களின் கை இரையை அப்படியே நிறுத்திவிடும். மீனும் நின்று, தயங்கி, இறங்கிப் போய்விடும். செய்ய வேண்டியது, பயந்து தப்பியோடும் சிறுமீன் போல இரையை விறுவிறுவென்று மேலே சுருட்டுவது. சிவப்புக் கோடு துரத்தும். 20 மீட்டரிலிருந்து 15க்கு, 15லிருந்து 10க்கு இரண்டு கோடுகளும் வட்டத்தில் ஒன்றையொன்று விரட்டிக்கொண்டு ஏறும். ஒன்றோடொன்று ஒட்டும்போது தண்டு வளையும். பனித்தளத்துத் தூண்டிலில் இதற்கு இணையான பரவசம் வேறில்லை. முதல் பயணத்துக்கு இதையும் வாடகைக்கு எடுக்கலாம், பழகிய ஒருவரின் குடிலில் அவருடைய கருவியிலும் பார்க்கலாம். தூண்டில்காரர்கள் படகில் வைத்திருந்த ஒலிக்கருவியைப் பனிக்கட்டிமேல் கொண்டுவந்து, துளைக்குத் துளை நடந்து மீன் தேடும் முறையைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் மினசோட்டாவின் டேவ் கென்ஸ். 1980களிலிருந்து வட அமெரிக்கப் பனித்தூண்டிலின் முகமே அவரால் மாறியது.

2018ல் கார்மின் நிறுவனம் லைவ்ஸ்கோப் கருவியைக் கொண்டுவந்தது. பக்கவாட்டில் பல மீட்டர் தொலைவில் நீந்தும் மீனையும் திரையில் அப்போதைக்கப்போதே காட்டும். இது நியாயமா என்ற விவாதம் தூண்டில்காரர்களிடையே இன்னும் ஓயவில்லை. முதல்முறை போகிறவருக்கு இது தேவையே இல்லை. ஏரியைப் பார்க்க வேண்டிய கண்கள் திரையிலேயே குத்திட்டு நின்றுவிடும்.

திரைகள் வருமுன்பே இங்கே மீனின் வழியை அறிந்தவர்கள் இருந்தார்கள். சிம்கோவின் வடமுனையில், அது கூச்சிசிங் ஏரியோடு சேரும் ஆதர்லி நீர்க்கழுத்தில், மரக்கழிகளை நட்டு மீனை மடக்கும் அடைப்புகள் நீருக்கடியில் இருக்கின்றன. மிஞ்சிகானிங் அடைப்புகள் என்று பெயர். அவற்றில் பழமையானவை 5,000 ஆண்டுகளுக்கு முந்தியவை. 1615ல் அவ்வழியே வந்த பிரெஞ்சுப் பயணி சாம்பிளேன் அவை பயன்பாட்டில் இருந்ததைக் கண்டு எழுதியிருக்கிறார். சில ஆண்டுகள் கழித்து பூர்வகுடிகளான வெண்டாட் மக்களோடு தங்கிய துறவி கப்ரியேல் சகார், அவர்கள் பனிக்கட்டியில் வரிசையாகத் துளை வெட்டி, நீண்ட கழியால் வலையை ஒரு துளையிலிருந்து அடுத்ததுக்குச் செலுத்தி விரித்ததைக் குறித்து வைத்தார். மீன் எந்த மாதத்தில் எந்த வழியாக வரும் என்று தெரிந்தவர்கள் செய்த கருவிகள் இவை. இன்றும் ஏரிக்குள் ஜார்ஜினா தீவில் வாழும் சிப்பேவா மக்களுக்குக் குளிர்காலத்தில் பனித்தளமே கரைக்குப் போகும் சாலை. பனியைப் பற்றி யாரிடமாவது கேட்டுக் கற்க வேண்டுமென்றால் அவர்களைப் போன்றவர்களிடம்தான்.

தண்டும் நரம்பும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெர்ச்சுக்கு விற்கும் 24, 28 அங்குல மெல்லிய தண்டு 20 மீட்டர் ஆழத்தில் முள்ளைப் பதிக்காது. 36 முதல் 42 அங்குலம், நடுத்தரத்துக்குச் சற்று மேலான விறைப்பு வேண்டும். சுருள்பொறியில் பார்க்க வேண்டியது, மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடிமானம் திக்காமல் சீராக வழுகுகிறதா என்பதை. குளிரில் மசகு இறுகித் திக்கும் பொறி, மீன் பாயும் நேரத்தில் நரம்பை அறுத்துவிடும். நைலான் தங்கூசி 25 மீட்டர் நீளத்தில் இழுபட்டு நீளும். மேலே கை வெட்டியது கீழே முள்ளுக்குப் போய்ச் சேராது. முறுக்கி நெய்த நரம்பு நீளாது, ஆனால் நீரை உறிஞ்சித் திறந்த வெளியில் வளையங்களில் உறைந்து அடைக்கும். குடிலுக்குள் உட்காருபவருக்கு அந்தத் தொல்லை இல்லை என்பதால் நெய்த நரம்பே மேல். நுனியில் இரண்டு மூன்று மீட்டர் ஃபுளோரோகார்பன் முடிந்துவிட்டால், தெளிந்த நீரில் அது எளிதில் கண்ணில் படாது.

இரைகளில் ஒரு சிறு டப்பா போதும். வெள்ளை நிறக் குழாய்வடிவ ரப்பர் இரை இரண்டு மூன்று. கனேடியர்கள் தலைமுறைகளாக நம்பும் வில்லியம்ஸ் கரண்டி இரை ஒன்று. மிச்சிகனில் செய்யும் ஸ்வீடிஷ் பிம்பிள் ஒன்று. சுவர் முழுக்க இருப்பதை வாங்குபவர் அரை நாள் முழுக்க இரையை மாற்றிக்கொண்டே இருப்பார். இரையில் ஈயம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்க வேண்டும். கோடையில் இந்த ஏரிகளுக்கு வரும் லூன் பறவைகள், அறுந்து கிடக்கும் ஈயத்துண்டுகளைக் கூழாங்கல் என்று விழுங்கிச் சாகின்றன. கனடாவின் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈயக்குண்டுகளும் ஈய இரைகளும் 1997 முதல் தடை. டங்ஸ்டன் விலை கூடத்தான். ஆனாலும் அதைத்தான் வாங்க வேண்டும். கடித்தால் கொடி எழும் தூண்டிலை இன்னொரு துளையில் வைப்பவர்கள், 60 மீட்டருக்குள் இருந்து அதை மறைவின்றிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்ற ஒன்டாரியோ விதியை நினைவில் வைக்கட்டும். மற்ற அளவு, எண்ணிக்கை, பருவத் தேதிகளை அந்த ஆண்டு மாகாண அரசு வெளியிடும் விதித்தொகுப்பில் புறப்படுமுன் பார்த்தாக வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகு துளைக்குள் வெளிறிய புள்ளிகளோடு ஒரு தலை தெரியும். அதற்குக் கொஞ்சம் முன்னால் நீரில் காற்றுக் குமிழிகள் கொத்தாக வெடித்து வரும். லேக் டிரவுட்டின் காற்றுப்பைக்கும் உணவுக்குழலுக்கும் இடையே ஒரு குழாய் உண்டு. மேலே வரும்போது விரியும் காற்றை அது வாய்வழியே விட்டுவிடும். பெர்ச் மீனையோ வால்ஐ மீனையோ 20 மீட்டரிலிருந்து இழுத்தால் காற்றுப்பை உப்பி, திருப்பி விட்டாலும் பிழைப்பது கடினம். லேக் டிரவுட் பிழைக்கும். இந்த ஒரு உடலமைப்பு, பிடித்தவரின் கையில் உண்மையான ஒரு முடிவை விட்டுவைக்கிறது.

அந்த முடிவு கனமானது. இது மெதுவாக வளரும் மீன். முட்டையிடும் பருவத்தை அடையவே பல ஆண்டுகள் ஆகும். குளிர்ந்த வடக்கு ஏரிகளில் 20, 30 வயது மீன்கள் அரிதல்ல. தூண்டிலில் பிடிபட்ட உலக சாதனை மீன் 1995ல் கிரேட் பேர் ஏரியில் கிடைத்த 72 பவுண்டு லேக் டிரவுட். சிம்கோ அதுபோன்ற ஏரி அல்ல. ஹாலண்ட் சதுப்பின் காய்கறி வயல்களிலிருந்தும் கரையோர ஊர்களின் கழிவுநீரிலிருந்தும் வந்த பாஸ்பரஸ் இங்கே பாசியைப் பெருக்கியது. பாசி செத்து அடியில் அழுகும்போது ஆழத்து ஆக்சிஜனைத் தின்றது. 1960களுக்குள் இந்த ஏரியில் லேக் டிரவுட் இயற்கையாகப் பெருகுவது ஏறக்குறைய நின்றுபோனது. பண்ணையில் வளர்த்த குஞ்சுகளை விட்டுத்தான் மீனைக் காப்பாற்றி வந்தார்கள். 2008ல் சிம்கோ ஏரிப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆண்டுக்கு ஏரியில் சேரும் பாஸ்பரஸை 44 டன்னாகக் குறைப்பதும், ஆழத்து நீரில் லிட்டருக்கு 7 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கச் செய்வதும் அடுத்த ஆண்டு வகுத்த திட்டத்தின் இலக்குகள். 2000களின் தொடக்கத்திலிருந்தே ஏரியிலேயே பிறந்த மீன்கள் மீண்டும் தென்படத் தொடங்கியிருந்தன.

பண்ணைக் குஞ்சுகளை விடும்போது ஒரு துடுப்பை நறுக்கி அடையாளம் வைக்கிறார்கள். அதனால் துளையிலிருந்து மீனை எடுத்தவர் முதலில் பார்க்க வேண்டியது எடையை அல்ல, துடுப்புகளை. ஒன்று குட்டையாக இருந்தால் பண்ணை மீன். அளவும் விதியும் அனுமதித்தால் குடும்பத்துக்குக் கறி வைக்க எடுத்துக்கொள்ளலாம். பெரிய மீனில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால், எந்த அளவு மீனை மாதத்தில் எத்தனை முறை உண்ணலாம் என்று ஒன்டாரியோ அரசு ஏரிவாரியாக வெளியிடும் வழிகாட்டியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். துடுப்புகள் எல்லாம் முழுமையாக இருந்தால் அது பெரும்பாலும் இந்த ஏரியின் பாறைத்திட்டுகளில் பிறந்தது. நாற்பது ஆண்டு உழைப்பின் பலன். அதைத் திருப்பி விட்டுவிடுங்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. விடுவதற்கும் கருவி வேண்டும். நீண்ட மூக்குள்ள இடுக்கி கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். முள்ளின் எதிர்முனையை முன்கூட்டியே நசுக்கி வைத்தால் ஒரே திருப்பில் கழன்றுவிடும். மைனஸ் 15 டிகிரிக் காற்றில் செவுளும் கண்ணும் நொடிகளில் உறையத் தொடங்கும். பனிமேல் கிடத்திப் படமெடுப்பது கூடாது. கையுறையைக் கழற்றி, கையை நீரில் நனைத்து, முடிந்தால் மீனைத் துளைக்குள்ளேயே வைத்து முள்ளை எடுக்க வேண்டும். பிறகு தலை கீழாகப் பிடித்துச் சற்று வேகமாக நீருக்குள் செலுத்தினால், அந்த விசையிலேயே செவுள்களுக்குள் நீர் பாயும். மீன் வாலை அடித்து இறங்கும். அது தரைப் பட்டையோடு போய்ச் சேரும்வரை ஃபிளாஷரில் பார்க்கலாம்.